நான் எழுதாத ஆறரை மணி

பள்ளிக்கூடத்தில் அப்பாவின் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். பாப்பா, நீ எழுந்து நின்று, "எங்கப்பா கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். அன்று சாயங்காலம் பையைக் கழற்றும்போதே அதை என்னிடம் சொன்னாய். தம்பி அதோடு விடவில்லை. "டைப் அடிப்பாரு. அப்புறம் ஸ்கிரீனப் பாத்து முறைப்பாரு. அப்புறம் திடீர்னு தனியாச் சிரிப்பாரு. இதான் வேலை" என்றான். அம்மா அடுப்படியிலிருந்து, "சம்பளம் வருதுல்ல, விடுங்கடா" என்றாள்.

தம்பி சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் எதைப் பார்த்து முறைக்கிறேன், எதற்காகச் சிரிக்கிறேன் என்று உங்கள் இருவருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போன ஆடி மாதம் நடந்த ஒரு காரியத்தைச் சொன்னாலே போதும், என் வேலை என்னவென்று புரிந்துவிடும். தம்பி, அதில் உன் காதுகுத்தும் வருகிறது. அதனால் கடைசி வரை படி.

நான் பிளஸ் டூவுக்கு மேல் படிக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிசைன் வேலை கற்றுக்கொண்டு, ஃப்ளக்ஸ் போர்டு அடிக்கும் கடையில் சேர்ந்தேன். கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு, எல்லாவற்றுக்கும் போர்டு. அங்கிருந்துதான் வெப்சைட் வேலைக்கு வந்தேன். இப்போது இருக்கும் ஆபீஸ் உங்களுக்குத் தெரியும். காளவாசலில் டயர்க்கடைக்கு மேலே மாடி. சன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன், மூடினால் புழுக்கம். மூன்றே பேர்: நான் அண்ணே என்று கூப்பிடும் முதலாளி, படங்களையும் வண்ணங்களையும் பார்த்துக்கொள்ளும் ஒரு தங்கச்சி, நான்.

நாங்கள் வெப்சைட் செய்த பழைய முறையை முதலில் சொல்கிறேன். ரெடிமேடாக ஒரு வெப்சைட் அச்சு இருக்கும். அதில் பெயரை மாற்றுவோம், படத்தை மாற்றுவோம், நீலத்தைப் பச்சையாக்குவோம். அவ்வளவுதான். நாங்கள் செய்த ஜவுளிக்கடையும் பள்ளிக்கூடமும் கார் கம்பெனியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருக்கும். அதில் சோறு கிடைத்தது. ஆனால் கொஞ்ச நாளாக எனக்கு ஒரு பயம் இருந்தது. உலகமெல்லாம் வேறு முறைக்குப் போய்விட்டது. வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரம் எதைப் பார்த்தாலும் நான் செய்யும் முறையின் பெயரே அதில் இல்லை. பஸ் கிளம்பிவிட்டது, நாம் இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது போல ஒரு உணர்வு.

அப்போதுதான் அந்தப் புது ஃபிரேம்வொர்க்கைப் பார்த்தேன்.

ஃபிரேம்வொர்க் என்றால் என்ன? கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்தால் கால் ஊன்றுவதிலிருந்து தண்ணீர் வரைக்கும் எல்லாம் நம் பாடு. மண்டபத்தில் மேடை இருக்கிறது, சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. நாம் பொண்ணு மாப்பிள்ளையோடும் சமையல்காரரோடும் போய் இறங்கினால் போதும். ஆனால் ஒன்று, மண்டபத்துக்கென்று சில சட்டம் உண்டு. மேடையைத் தூக்கி வாசலில் வைக்க முடியாது. ஃபிரேம்வொர்க்கும் அப்படித்தான். வெப்சைட்டுக்கு வேண்டிய மேடை, அடுப்படி, குழாய் எல்லாம் முன்னாலேயே கட்டி வைத்திருப்பார்கள். நம்முடைய விசேஷத்தை மட்டும் நாம் உள்ளே கொண்டு போக வேண்டும், அதன் சட்டப்படி.

விடியற்காலையில் நீங்கள் எழுந்திருப்பதற்கு முன்னால், நம் வில்லாபுரம் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். எல்லாம் இங்கிலீஷ். ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் பால்காரர் வந்து போய்விடுவார். புரியாத வரியை விட்டுவிட்டு எழுதிப் பார்ப்பேன். எழுதிப் பார்த்தால் அந்த வரி தானாகப் புரிந்துவிடும்.

முதல் நாளே ஒரு ஆச்சரியம். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்து எண்டர் தட்டினேன். எங்கெங்கோ இருந்து என்னென்னவோ இறங்கியது. வரி வரியாக எழுத்து ஓடியது. நின்றது. பார்த்தால், ஒரு முழு வெப்சைட்டுக்கான கூடு என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தது. பழைய முறையில் அதற்கு ஒரு பொழுது ஆகும்.

அடுத்தது இன்னும் பெரிய ஆச்சரியம். திரையில் ஒரு பாதியில் நான் எழுதுகிறேன், மறுபாதியில் வெப்சைட் தெரிகிறது. "வணக்கம்" என்பதை "வாங்க" என்று மாற்றி சேவ் செய்தேன். கையை எடுப்பதற்குள் அங்கே மாறிவிட்டது! பக்கம் அணைந்து அணைந்து எரியவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் மாறியது. ஃப்ளக்ஸ் கடையில் இருந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். போர்டில் தாய்மாமன் படம் விட்டுப்போனால் என்ன நடக்கும்? "எங்கள மதிச்சாய்ங்களா பாரு" என்று சண்டை வரும். அந்த ஒரு முகத்துக்காக முழு போர்டையும் மறுபடி அடிப்போம். இங்கே போர்டு அப்படியே நிற்கிறது, ஒரு முகம் மட்டும் மாறுகிறது. நான் தனியாகச் சிரித்ததைத் தம்பி அன்றைக்குத்தான், தூக்கம் கலைந்து வந்து, முதலில் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று இட்லித் தட்டு மாதிரி. ஒரு குழியை ஒழுங்காகச் செய்துவிட்டால், அதே மாதிரி எத்தனை வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். ஒரு பொத்தானை ஒரு முறை செய்கிறோம், வெப்சைட் முழுக்க அதையே வார்க்கிறோம். குழியைக் கொஞ்சம் திருத்தினால் எல்லா இட்லியும் திருந்திவிடும்.

ஆபீசில் என் வாய் நிற்கவில்லை. டீ குடிக்கும்போதும் அதே பேச்சு. தங்கச்சி கேலி பண்ண ஆரம்பித்துவிட்டது, ஃபிரேம்வொர்க்குக்குப் புது மாப்பிள்ளை என்று பேரும் வைத்துவிட்டது. சிவப்பு எழுத்தில் பிழைகள் வந்து நான் முறைத்துக்கொண்டிருந்தால், "என்னண்ணே, புது மாப்ள இன்னைக்குப் பேசுறாரா, முறுக்கிக்கிட்டு நிக்கிறாரா?" என்று கேட்கும்.

"முறுக்கிட்டாரும்மா. எங்கயோ ஒரு அடைப்புக்குறி போடலையாம்."

"ஒரு அடைப்புக்குறிக்கா இம்புட்டுக் கோவம்? எங்க பெரிய மாமாவே பரவால்ல போலருக்கே."

முதலாளி அண்ணனுக்கு மட்டும் இதில் நம்பிக்கை இல்லை. "ஏய்யா, பழசுல என்ன கொறச்சல்? ஓடுற வண்டிய ஏன் மாத்துற?" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் மண்டப ஓனர் வந்தார். பேரையூர் போகும் ரோட்டில் சொந்தத் தோட்டத்தின் ஒரு பக்கத்தில் கல்யாண மண்டபம் கட்டியிருப்பவர். விவசாயக் குடும்பம், வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். இரண்டும் மாறி மாறி அடித்துக்கொண்டே இருந்தன.

"பாத்தீங்களா? ஆடியில முகூர்த்தம் இல்லைன்னு பேரு. ஆனா ஆவணிக்குத் தேதி கேட்டு அடிக்கிறாய்ங்க, அடிக்கிறாய்ங்க, ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்க முடியல. எந்தத் தேதி இருக்கு, எந்தத் தேதி போயிருச்சுன்னு அவுகளே போன்ல பாத்துக்கிற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்க. ஆவணி பொறக்குறதுக்குள்ள வேணும்."

அவர் போனதும் நான் அண்ணனிடம் போய் நின்றேன். இது வெறும் பெயரும் படமும் மாற்றும் வேலை இல்லை. தேதிகள் மாறிக்கொண்டே இருக்கும். புது முறைக்கென்றே பிறந்த வேலை.

அண்ணன் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். "சரி, இது ஒண்ணுல பண்ணிப் பாரு. நல்லா வந்துச்சுன்னா இனிமே வர்ற வேலை அம்புட்டும் புதுசுலயே பண்ணுவோம். வரலைன்னா பழசுலயே செஞ்சு குடுத்துட்டு, இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?"

சரி என்றேன். வாய் சொல்லிவிட்டதே தவிர பயமாக இருந்தது. இது போனால் இன்னொரு முறை அவரிடம் கேட்க முடியாது. பழைய அச்சில் படம் மாற்றிக்கொண்டே என் காலம் போய்விடும்.

ஆனால் செய்யச் செய்ய பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. காலண்டரை இட்லித் தட்டு மாதிரியே செய்தேன். ஒரு நாளுக்கு ஒரு கட்டம். காலியாக இருந்தால் வெள்ளை, பதிவாகிவிட்டால் சிவப்பு. கட்டத்தைத் தொட்டால் கீழே ஒரு சீட்டு விரியும்: என்ன விசேஷம், எப்போது தொடக்கம். பிரவுசரிலேயே ஒரு கருவி உண்டு. அதைத் திறந்தால் பக்கத்தின் எலும்பும் நரம்பும் தெரியும். எந்தக் கட்டத்துக்கு உள்ளே எந்தக் கட்டம், எது எதற்குச் சேதி சொல்கிறது என்றெல்லாம் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது போல. அதைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மாவே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு சின்னக் குறை மட்டும் இருந்தது. நான் தேதியை மட்டும்தான் கொடுத்தேன், மணி கொடுக்கவில்லை. ஆனால் சீட்டில் தொடக்கம் என்ற இடத்தில் "ஞாயிறு, நள்ளிரவு 12" என்று வந்தது. மணி சொல்லாவிட்டால் அந்த நாளின் தொடக்கத்தை அதுவாகவே எடுத்துக்கொள்ளும் போல, அதை அப்புறம் மறைத்துவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

ஓனருக்குக் காட்டும் நாள் காலையில்தான் அதை வெளி உலகத்துக்கு ஏற்றினேன். ஏற்றுவது என்றால், நம் கம்ப்யூட்டரில் இருப்பதை, எங்கேயோ இருக்கிற ஒரு வாடகைக் கம்ப்யூட்டரில் வைப்பது. அது எப்போதும் விழித்திருக்கும், யார் போனில் கேட்டாலும் வெப்சைட்டை எடுத்துக் கொடுக்கும். ஏற்றிவிட்டு, பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அண்ணனோடு வண்டியில் கிளம்பிவிட்டேன்.

ஆடிக் காற்று ரோட்டில் மண்ணை வாரி இறைத்தது. மண்டபம் காலியாக இருந்தது. அடுக்கி வைத்த நாற்காலிகள், மேடையில் ஒரு அணில். ஓனர் தன் போனிலேயே வெப்சைட்டைத் திறந்தார். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டு, கல்யாணம் என்று பதிந்தார். கட்டம் சிவந்தது. சீட்டு விரிந்தது.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"தொடக்கம்: சனி, மாலை 6.30."

ஆபீசில் ஞாயிறு, நள்ளிரவு என்றுதானே வந்தது! ஓனர் தொடையில் தட்டினார்.

"அடி ஆத்தி! சனிக்கெழம சாய்ங்காலம் பொண்ணழைப்பு. அதையும் சேத்துல்ல போட்ருக்கு! ஆறரை மணி, கரெக்டா கார் வந்து வாசல்ல நிக்கிற நேரம். ராகு காலமும் இல்ல, எமகண்டமும் இல்ல. ஏய்யா, இதெல்லாம் நீ சொல்லிக் குடுத்தியா, அதுவாவே தெரிஞ்சுக்கிருச்சா?"

அண்ணன் என்னை முந்திக்கொண்டார். "புது டெக்னாலஜிண்ணே. எல்லாம் அதுவே யோசிச்சுக்கிரும்."

உங்களுக்குத் தெரியுமே, நம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் மண்டபம் சனிக்கிழமை மத்தியானமே நம் கைக்கு வந்துவிடும். அன்று சாயங்காலமே பொண்ணு வந்து இறங்கிவிடும், விருந்து முடிந்துவிடும். ஞாயிறு காலையில் தாலி கட்டு, மத்தியானம் மண்டபத்தைக் காலி பண்ண வேண்டும். அதனால் ஓனருக்கு அந்தச் சனிக்கிழமை ஆறரை மணி தப்பாகவே தெரியவில்லை. அவருடைய வழக்கத்தைப் படித்துவிட்டு வந்தது போல இருந்தது. இன்னொரு கல்யாணத்தைப் பதிந்தார். அதற்கும் முந்தின நாள் மாலை ஆறரை. "யம்மாடி!" என்று மறுபடியும் தொடை தட்டல். திரும்பி வரும்போது அண்ணன் வண்டியின் பின்னாலிருந்து என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. நான் எந்த இடத்திலும் ஆறரை என்று எழுதவில்லை. எங்கேயோ வெளிநாட்டில் உட்கார்ந்து இந்த ஃபிரேம்வொர்க்கைச் செய்தவர்களுக்கு நம் ஊர் பொண்ணழைப்பு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகப் போனைக் காட்டினேன். தம்பி, உனக்கு அப்போது காதுகுத்து பேசிக்கொண்டிருந்தோம். "சும்மா ஒரு தேதி போட்டுப் பாரு" என்று நான் சொல்ல, அம்மா ஆவணியில் இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டு, காதுகுத்து என்று பதிந்தாள். சீட்டு விரிந்தது. அம்மா படித்தாள். இன்னொரு முறை படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம காலைல காதுகுத்து. சனிக்கெழம சாய்ங்காலம் ஆறரைக்கு என்ன?"

"அது... பொண்ணழைப்பு நேரம்."

"காதுகுத்துக்கு எந்தப் பொண்ண அழைக்கப் போறீங்க?"

பாப்பா, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். தம்பி, உனக்கு விஷயம் புரியாமலே நீயும் சிரித்தாய். அம்மா நிறுத்தவில்லை. "எங்கண்ணன் சனிக்கெழமையே வந்து மடியக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா, விடியிற மட்டும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்குப் பொருந்திப் போனதால் ஒளிந்துகொண்டிருந்த ஒரு பிழை, காதுகுத்துக்கு வந்ததும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டது. அந்த ஃபிரேம்வொர்க்குக்கு வழக்கமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. எல்லாவற்றுக்கும் அது ஆறரைதான் போடுகிறது.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் ஒரு காரியம் செய்தேன். திரையில் ஒரு ஜன்னலில் என் கம்ப்யூட்டரில் ஓடும் வெப்சைட், இன்னொன்றில் வாடகைக் கம்ப்யூட்டரில் ஓடும் வெப்சைட். இரண்டிலும் ஒரே காதுகுத்து. என்னுடையதில் "ஞாயிறு, நள்ளிரவு 12". அங்கே "சனி, மாலை 6.30". இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். தம்பி சொல்வது போல முறைத்தேன். ஆறரையிலிருந்து பன்னிரண்டு. ஐந்தரை மணி நேரம்.

ஐந்தரை! நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

பாப்பா, உன் சமூக அறிவியல் புத்தகத்தில் இருக்கிறதே, லண்டனில் இருக்கும் கிரீன்விச் கோடு, அங்கே மணி என்னவோ அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் நாம் இருக்கிறோம் என்று. அதேதான்! என் கம்ப்யூட்டர் மதுரை மணியைக் கையில் கட்டியிருந்தது. வாடகைக் கம்ப்யூட்டர் உலகத்துக்கெல்லாம் பொதுவான கிரீன்விச் மணியைக் கட்டியிருந்தது. நமக்கு ஞாயிறு பிறக்கும் அந்த நொடியில் அங்கே இன்னும் சனி மாலை ஆறரை. இரண்டும் ஒரே நொடி. இரண்டு கடிகாரமும் சரி. மதுரைக்காரர்களுக்கு மதுரை மணியைக் காட்டு என்று நான்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

"என்னண்ணே, மாப்ள பேசிட்டாரா?" என்றது தங்கச்சி.

"பேசிட்டாரும்மா! அவரு லண்டன் மாப்ளைன்னு இப்பத்தான் தெரியுது."

கண்டுபிடித்த சந்தோஷம் அண்ணனின் மேசை வரைக்கும்தான் இருந்தது. விவரத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"தப்புன்னு ஓனர் சொன்னாரா?"

"இல்லண்ணே. அவருக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது."

"அப்பறம் என்ன? விட்டுத் தொலையேன்."

"காதுகுத்து, சடங்கு எல்லாம் முந்தின நாளுக்குப் போயிரும்ணே. சனத்துக்கு எது நாள்னே தெரியாது."

அண்ணன் பேனாவை மேசையில் உருட்டினார். "அப்ப நல்லா வரலைன்னுதான அர்த்தம்? அன்னைக்கு என்ன பேசுனோம்?"

 "பிழை அதுல இல்லண்ணே, என்கிட்ட. ஒரே வரி. சரி பண்ணிட்டேன். வாங்க, ஓனர்கிட்டப் போவோம். அவரு வேணாம்னு சொல்லிட்டா நான் இந்தப் பேச்சையே எடுக்கல."

மறுபடியும் அதே ரோடு, அதே காற்று. இந்த முறை அண்ணன் தோளைத் தட்டவில்லை. 

ஓனரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அந்த ஆறரை மணி புத்திசாலித்தனம் இல்லை, கடிகாரம் மாறிப்போனது, இப்போது சரியாகிவிட்டது என்று. காதுகுத்துக்கு எந்தப் பெண்ணை அழைப்பது என்று வீட்டில் கேட்டதையும் சொன்னேன்.  அவர் மண்டபம் எதிரொலிக்கச் சிரித்தார். மேடையிலிருந்த அணில் ஓடியே போய்விட்டது.

"அப்ப நான் லண்டன் நேரத்துக்கா தொடையத் தட்டுனேன்?" சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா ஒண்ணுய்யா. கல்யாணத்துக்கு அந்தச் சனிக்கெழம சாய்ங்காலத்த எடுத்துராத. அது இருந்தாத்தான எனக்கு வசதி. சனிக்கெழம நாள் பூரா வெள்ளையாக் காட்டுச்சுன்னா எவனாச்சும் சாய்ங்காலம் வரவேற்பு வைக்கப் பதிஞ்சுருவான். செவப்பாக் காட்டுச்சுன்னா சனிக்கெழம காலைல காதுகுத்து வைக்கிறவன் வராமப் போயிருவான். எங்க நாளு மத்தியானத்துல இருந்து மத்தியானம்யா. உன் கட்டத்துல அது அடங்காது."

அவர் சொல்லச் சொல்ல எனக்குள் என்னவோ கிளம்பியது. லேப்டாப்பைத் திறந்தேன். மண்டபத்துக்குள் என் போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்குட்டும் இங்குட்டும் அலைந்து கடைசியில் சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. அங்கேயே ஒரு நாற்காலியின் மேல் நாற்காலி போட்டு லேப்டாப்பை வைத்தேன். எனக்கு ஒரு பக்கம் ஓனர், மறுபக்கம் அண்ணன். ஓனர் கையில் அவர் போன், அதையும் என் லேப்டாப்போடு இணைத்துவிட்டேன்.

காலண்டரில் கட்டம் என்பது ஒரே ஒரு குழிதான். நான் தொட வேண்டியது அதை மட்டும்தான். குறுக்கே ஒரு கோடு போட்டு அதை இரண்டாகப் பிரித்தேன். மேல் பாதி மத்தியானம் வரை, கீழ் பாதி மத்தியானத்துக்குப் பிறகு. சேவ் செய்தேன்.

"ஏய்!" என்றார் ஓனர். அவர் போனில் மாதம் முழுக்க எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் குறுக்கே வெட்டுப்பட்டு நின்றன, தட்டில் அடுக்கிய பர்பி மாதிரி. அவர் போனைத் தொடக்கூட இல்லை.

பிறகு கல்யாணத்துக்கு ஒரு விதி எழுதினேன்: முந்தின நாளின் கீழ் பாதி, அன்றைய நாளின் மேல் பாதி. காதுகுத்துக்கு அன்றைய மேல் பாதி மட்டும். சேவ். அவர் பதிந்திருந்த கல்யாணம் சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவே ஒரு துண்டை விரித்துப் போட்டது போலச் சிவப்பாகப் படுத்துக்கொண்டது. சனிக்கிழமை காலை வெள்ளையாக நின்றது. ஞாயிறு சாயங்காலமும் வெள்ளை. சீட்டைத் தொட்டால் "சனி, மாலை 6.30, பெண் அழைப்பு". இந்த முறை அந்த ஆறரையை நான் எழுதியிருந்தேன்.

ஓனர் திங்கட்கிழமைக்கு இன்னொரு கல்யாணம் பதிந்தார். ஞாயிறு கீழ் பாதியில் அது வந்து, முதல் கல்யாணத்தோடு முட்டாமல் உட்கார்ந்தது. அவர் விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"அவன் எலை எடுக்க, இவன் எலை போட..." என்றார் மெதுவாக. "இதத்தான்யா நான் ஒவ்வொருத்தனுக்கும் போன்ல கத்திக்கிட்டு இருக்கேன்."

அண்ணன் என் தோளுக்கு மேலாகக் குனிந்து நான் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏய்யா, நீ ஒரு எடத்துலதான மாத்துன?"

"ஆமாண்ணே. ஒரு குழி."

"பழசுலன்னா?"

"ஒவ்வொரு கட்டமா மாத்தணும்ணே. இங்க வச்சுப் பண்ணிருக்க முடியாது. ஆபீசுக்குப் போய்ட்டு, ரெண்டு நாள் கழிச்சு வாரேன்னு சொல்லிருப்போம்."

அண்ணன் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார். எனக்கு அவர் மனசில் என்ன என்று தெரியவில்லை.

கிளம்பும்போது ஓனர் போனைத் திருப்பிக் காட்டினார். "இதென்ன, இந்த ஞாயித்துக்கெழமயில ஒரு காதுகுத்து நிக்கிது? நான் பதியலையே."

வீட்டில் அம்மா சும்மா பதிந்த உன் காதுகுத்துதான், தம்பி. அழிக்க மறந்திருந்தேன். விவரத்தைச் சொல்லி, அழித்துவிடுகிறேன் என்றேன்.

"எதுக்கு அழிக்கிற? நல்ல முகூர்த்தம், காலை நேரம், காலியாத்தான கெடக்கு. குலசாமி கோயில்ல மொட்டையப் போட்டுட்டு இங்க வந்து சோறு போடு. வீட்டம்மாகிட்டக் கேட்டுக்க, பொண்ணு அழைக்கணுமான்னு!"

அப்படித்தான் உன் காதுகுத்து அந்த மண்டபத்தில் நடந்தது. நீ மாமா மடியில் கத்திய கத்தலில் மேடை அணில் திரும்பியும் வரவில்லை.

மறுநாள் காலையில் ஆபீசில் என் மேசையில் ஒரு புது வேலைக்கான விவரம் இருந்தது. உரக்கடை ஒன்று, எந்த உரம் இருப்பு இருக்கிறது என்று விவசாயிகள் போனில் பார்க்க வேண்டுமாம். நான் உட்கார்ந்தேன். பழைய அச்சுகள் இருக்கும் ஃபோல்டர் ஒரு பக்கம், கறுப்புத் திரை ஒரு பக்கம். எதைத் திறப்பதென்று தெரியாமல் கையை வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் டீ டம்ளரோடு வந்து பின்னால் நின்றார்.

"என்ன யோசன? அந்த ஒத்த வரிய அடி. எப்டி இறங்குதுன்னு நானும் பாக்குறேன்."

அடித்தேன். எண்டர் தட்டினேன். எங்கெங்கோ இருந்து என்னென்னவோ இறங்க ஆரம்பித்தது. அண்ணன் டீயைக் குடிக்க மறந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கச்சி நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தது. நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.